பாலாற்றுக்கு அந்தப் பக்கம்

செங்கல்வராயன் யாரிடமும் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டவர் இல்லை. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படியே ஓட்டிவிட்டார். புதுப்பட்டினம் சந்தைக்கு அவருடைய டெம்போதான் தினமும் காலையில் செங்கல்பட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வரும். சந்தை வாசலில் எவனாவது வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைத்தால் இறங்கிப்போய் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்த ஆள் வரும் வரைக்கும் ஹார்ன்கூட அடிக்காமல் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் பார்த்தால் அந்த ஆள் வண்டி நிறுத்துகிற இடத்தில் அழுகின முட்டைக்கோஸ் ஒரு மூட்டை கொட்டிக் கிடக்கும். கொட்டியது யார் என்று ஈ காக்காய்க்குத் தெரியாது. எதையும் சத்தமில்லாமல் முடிக்கிறவன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சந்தைத் தெருவில் பூனைத் தொல்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பரண் மேல் குட்டி போட்டு வீட்டை நாறடிக்கிற பூனையைச் சாக்கில் பிடித்துக் கட்டிக் கொடுத்தால் போதும், டெம்போவில் போட்டுக்கொண்டு போய்ப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார். தண்ணீரைத் தாண்டிவிட்டால் பூனைக்கு வழி மறந்துவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பாலாற்றில் தண்ணீர் ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று பூனையும் கேட்கவில்லை, ஜனங்களும் கேட்கவில்லை. வருஷத்துக்கு நாலைந்து சாக்காவது போகும். பட்டினி கிடக்கக் கூடாதே என்று மீன் இறங்குகிற குப்பமாகப் பார்த்துத்தான் அவிழ்த்து விடுவார். அந்த அளவுக்கு இரக்கமுள்ள மனுஷர்தான்.

இவருக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வந்து சேர்ந்தார் உலகநாதன். மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு ஓட்டலில் இருபது வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். வயதாகி வேலையை விட்டபோது முதலாளி, கேட்டில் அவரோடு காவல் இருந்த நாயையும் கூடவே கொடுத்து அனுப்பிவிட்டார். பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. மேஜர் என்று பெயர் வைத்த அந்த நாய்தான் அவருக்கு எல்லாம். கன்றுக்குட்டி உயரம், செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும்.

மேஜருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். ஓட்டலுக்குக் காரில் வருகிறவர்கள் விருந்தாளிகள், நடந்து வருகிறவர்கள் திருடர்கள் என்று அதற்குச் சின்ன வயதிலேயே பாடம் ஆகிவிட்டது. புதுப்பட்டினத்துக்கு வந்தும் அதை மறக்கவில்லை. மோட்டார் வண்டியில் வருகிறவனை ஏறெடுத்தும் பார்க்காது. நடந்து வருகிறவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள், தலையில் கூடை வைத்து வருகிறவர்கள் என்றால் தெருக்கோடியிலிருந்தே குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும். அந்தத் தெருவில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர் செங்கல்வராயன் ஒருவர்தான். மற்றவர்கள் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தபால்காரர் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கீரைக்காரி அந்தத் தெருவையே தலை முழுகிவிட்டாள். எல்லம்மாள், அதாவது செங்கல்வராயனின் பெண்சாதி, குழாயடிக்குப் போகும்போது ஒரு கையில் குடம், ஒரு கையில் மூங்கில் கழி.

உலகநாதன் நாயைக் கட்ட மாட்டார். கட்டினால் சோறு தின்னாது என்பார். யார் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான், அது கடிக்காது, சும்மா மிரட்டும். ஒரு தடவை எல்லம்மாள் நச்சரித்துத் தாங்காமல் செங்கல்வராயன் பேசப் போனார். அரை மணி கழித்துத் திரும்பினார். டீ குடித்துவிட்டு வந்திருந்தார். அது மட்டுமில்லை, மேஜருக்கு வாரம் ஒருநாள் செங்கல்பட்டிலிருந்து கோழிக்கால் வாங்கி வந்து தருவதாகவும் ஒப்புக்கொண்டு வந்திருந்தார். எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சொன்னபடியே வாரா வாரம் கோழிக்கால் வந்தது. டெம்போ சத்தம் கேட்டால் மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும்.

இப்படியே போயிருக்கும். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் மாசி மாதம் செங்கல்வராயனின் மகள் ரேணுகா தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் அவள். படூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து கூட்டிக்கொண்டு வரும்போதே சம்பந்தியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்கு வந்தபோது மேஜர் அவளை விரட்டி, வந்த வேனிலேயே ஏறி உட்கார வைத்தது. வாயும் வயிறுமாக இருக்கிறவளை அந்த நாய் இருக்கிற தெருவுக்கா அனுப்புவது, ஏதாவது ஒன்று என்று காதில் விழுந்தால் அன்றைக்கே வந்து கூட்டிப்போய்விடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் அனுப்பினாள்.

வந்து மூன்று வாரம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரேணுகா கெண்டைக்காலில் ரத்தக் கீறலோடு வந்தாள். முள்வேலி கிழித்துவிட்டது என்றாள். எல்லம்மாள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். செங்கல்வராயன் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கு முள்வேலி, நாளைக்கு அந்த நாய் மேலே விழுந்து பிள்ளைத்தாச்சி கீழே சாய்ந்தால் என்று நினைத்தார். பேச்சு வேலைக்கு ஆகாது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

மறுநாள் புதன்கிழமை உலகநாதன் கண் காட்டச் செங்கல்பட்டு போயிருந்தார். செங்கல்வராயன் டெம்போவின் முன்கதவைத் திறந்து வைத்து ஒரு சீட்டி அடித்தார். சாக்கு, கயிறு, கோழிக்கால் எல்லாம் தயாராக வைத்திருந்தார், ஒன்றுக்கும் வேலை இல்லை. மேஜர் தாவி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டது. வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டி, கூவத்தூர் பக்கம் சவுக்குத் தோப்பு ஒன்றின் ஓரத்தில் கோழிக்காலைத் தூரமாக வீசினார். அது இறங்கி ஓடியதும் வண்டியை எடுத்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தார். கொஞ்ச தூரம் ஓடி வந்தது. அப்புறம் தூசியில் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே உலகநாதன் வந்து நின்றார். மேஜரைப் பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை என்றார் செங்கல்வராயன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் உலகநாதனை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் வரைக்கும் தேடப் போனார். அந்த மனுஷர் தலையை வெளியே நீட்டி “மேஜரு, மேஜரு” என்று கூப்பிட்டுக்கொண்டே வர, இவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டினார். ஒருத்தனைத் தெருவில் விட்டுவிட்டு அவனுக்கே வழிகாட்டுகிற காரியம் இது. இதைச் செய்ய ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். செங்கல்வராயன் கெட்டவர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற நமக்கே இந்த இடத்தில் வாய் எழவில்லை.

சனிக்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்க வருகிற நர்சம்மா ரெபேக்காள் வந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டுக் கால் கட்டைப் பார்த்தாள். அவிழ்க்கச் சொன்னாள். கடிவாய் வீங்கியிருந்தது. நாலு பல் பதிந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. முள்வேலி இப்படிக் கடிக்காது என்றாள் ரெபேக்காள். ரேணுகா அழுதுவிட்டாள். மாமியார் காதுக்குப் போனால் அன்றைக்கே கூட்டிப்போய்விடுவாள், அம்மாவோடு இருக்க முடியாது என்றுதான் மறைத்தாளாம்.

நர்சம்மா விஷயத்தை நறுக்கென்று சொல்லிவிட்டாள். இன்றைக்கே ஊசி ஆரம்பிக்க வேண்டும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாயைக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் பயமில்லை, ஊசியை நிறுத்திக்கொள்ளலாம். நாய் செத்தாலோ காணாமல் போனாலோ ஊசி முழுசாகப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

“நாய் எங்க கீது?” என்றாள் எல்லம்மாள். நாலு நாளாகக் காணவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றி வயிற்றில், நாளுக்கு ஒன்றாகப் பதினாலு. எட்டு மாத வயிற்றில் ஊசியா என்று எல்லம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஊசி தோலுக்கு அடியில்தான் போகும் என்று ரெபேக்காள் படித்துப் படித்துச் சொன்னாள். கேட்கிறவர் யார்? தெருப்பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளை கண்ணில் குத்திவிடும் என்றாள் ஒருத்தி. நாய் வரட்டும், வந்து நாலு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எல்லம்மாள் ஒரே பிடியாக நின்றாள். ரேணுகாவும் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மாட்டேன் என்றாள்.

அன்றிலிருந்து அந்தத் தெருவே மேஜருக்காகக் காத்திருந்தது. நாசமாய்ப் போக என்று தினமும் சபித்த வாய்கள் இப்போது அது வந்து சேர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டன. எல்லம்மாள் எல்லையம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள். வாசலில் ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள். உலகநாதன் கூனிக் குறுகிப் போய்ச் செங்கல்வராயன் வீட்டு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அது கடிக்காது என்ற வார்த்தை அப்புறம் அவர் வாயிலிருந்து வரவில்லை.

செங்கல்வராயன் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, மென்று விழுங்கிவிட்டார். உலகநாதனோடு சேர்ந்து தேடப் போனதை நினைத்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவர் புத்தி அவருக்குப் பழகின பக்கமே போயிற்று. போய் நாயைக் கண்டுபிடித்து, ஏற்றிக்கொண்டு வந்து, தெருமுனையில் இறக்கிவிட்டால் தீர்ந்தது. தானாக வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சவுக்குத் தோப்பைச் சுற்றினார். டெம்போ சத்தம் கேட்டால் ஓடி வருமே என்று ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து நின்றார். திங்கட்கிழமையும் போனார். தோப்பில் கிளை கழிக்கிற ஆட்களிடம் அடையாளம் சொல்லிக் கேட்டார். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அவர்களில் ஒருவன் கழித்த கிளையைக் கீழே போட்டுவிட்டு, “அந்த வெறிநாயா?” என்றான்.

தோப்பை அடுத்த குப்பத்தில் மோட்டார் வண்டி ஏது? பெண்கள் கூடை தூக்கிக்கொண்டு நடந்துதான் வருவார்கள். மேஜர் இரண்டு நாள் அவர்கள் எல்லோர் மேலும் பாய்ந்திருக்கிறது. எங்கிருந்தோ வந்த நாய், கழுத்தில் பட்டை இல்லை, காரணம் இல்லாமல் ஆட்கள் மேல் விழுகிறது. வேறு என்ன நினைப்பார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கட்டையால் அடித்துக் கொன்று கடற்கரையில் புதைத்துவிட்டார்கள்.

செங்கல்வராயன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எச்சில் ஒழுகிற்றா, தண்ணீர் குடித்ததா என்று கேட்டார். நுரை தள்ளியது, என் கண்ணால் பார்த்தேன் என்றான் அவன். பக்கத்தில் இருந்தவன், இல்லை, எங்கள் வீட்டுப் பானையில் தண்ணீர் குடித்ததே, ஓடி வந்த களைப்பில்தான் நுரை என்றான். இருவரும் அதற்காகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். நாய் வெறிபிடித்ததா இல்லையா என்பதைச் சொல்ல இனி உலகத்தில் ஒருவரும் இல்லை.

திரும்பும்போது பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பயம் என்றால் என்ன என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடித்து ஆறு நாள் ஆகிவிட்டது. ஒரு ஊசிகூடப் போடவில்லை. இருந்தும் பாருங்கள், வீடு வந்து சேருவதற்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார்.

வாசலில் எல்லம்மாளும் ரேணுகாவும் இருந்தார்கள், முக்காலியில் உலகநாதன். நாய் செத்துவிட்டது, கூவத்தூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுக் கிடந்ததாக டீக்கடையில் சொன்னார்கள் என்றார். செத்தது என்று தெரிந்தால் பயந்துபோய் ஊசி போட்டுக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. எல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “லாரிலதான அடிபட்டுது? அப்ப அதுக்கு வெறி இல்ல. எம்பொண்ணுக்கு ஊசி வாணாம்,” என்றாள். ரேணுகா ஆறு நாளில் முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். அவள் முகம் தெளிந்ததைச் செங்கல்வராயன் பார்த்தார். அப்படியே விட்டுவிடலாம். நாய்க்கு ஒன்றும் இல்லாமலே இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அவர் அப்படித்தான் நின்றார்.

உலகநாதன்தான் தலையை நிமிர்த்திக் கேட்டார், தெருமுனையைத் தாண்டாத நாய் ஆறு தாண்டி எப்படிப் போயிற்று என்று.

“நான்தான் இட்டுகினு போய் வுட்டேன் அண்ணாத்த,” என்றார் செங்கல்வராயன். “லாரி இல்ல. வெறிநாயின்னு அங்க அட்ச்சிட்டாங்க. வெறி இருந்துச்சா இல்லியா, யாருக்கும் தெரியல. ரேணு, ஊசி போட்டுக்கம்மா. உன் கால்ல வுழறேன்.” நிஜமாகவே மண்ணில் முட்டி போட்டுவிட்டார்.

உலகநாதன் எழுந்தார். அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செங்கல்வராயனும் அதைத்தான் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“வண்டில எப்டி ஏத்துன?” என்று கேட்டார் உலகநாதன். “கட்டித் தூக்கினியா?”

“இல்ல அண்ணாத்த. கூப்டேன். தானா ஏறிச்சு.”

உலகநாதன் தலையை ஆட்டிக்கொண்டார். முக்காலியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் அவர் இருந்த மூன்று வருஷமும் செங்கல்வராயனோடு பேசவில்லை.

ரேணுகா ஊசி போட்டுக்கொண்டாள். அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதைச் சொல்லிவிடுவோம். பதினாலு நாளும் செங்கல்வராயன்தான் டெம்போவில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். குலுங்கக் கூடாது என்று பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஓட்டினார். ஊசி போட்டு வெளியே வந்ததும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தாள். வலிக்கிறதா என்றால் இல்லை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் இருக்கிறாள், பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைசி ஊசி முடிந்த அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், “என்னிய படூர்ல வுட்டுடு நைனா. அங்கியே பெத்துக்கறேன்,” என்றாள்.

செங்கல்வராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, ஊரார் என்ன பேசுவார்கள் என்றார். உன் அம்மா தாங்க மாட்டாள் என்றார். அம்மாவிடம் காலையிலேயே சொல்லியாகிவிட்டது என்றாள் ரேணுகா.

“இன்னாம்மா பயம்? அதான் இப்ப நாயி இல்லியே,” என்றார்.

ரேணுகா கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: “அது கொலச்சிகினு வந்துச்சு நைனா. வர்றது தெரிஞ்சிது.”

செங்கல்வராயன் வண்டியை எடுத்துப் படூருக்குப் போகிற திருப்போரூர் ரோட்டுப் பக்கம் திருப்பினார். அவள் காலடியில் துணிப்பை ஒன்று கட்டி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்.